முதலில் கார்டா, மானிட்டரா? ஒரு பழைய கேள்வியின் கதை

போன மாதம் அக்கா பையன் கோவையிலிருந்து போன் செய்தான். இன்ஜினியரிங் இரண்டாம் வருடம். பள்ளிப் பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுத்து 30,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறான். "மாமா, கிராபிக்ஸ் கார்டு மாத்தவா, மானிட்டர் மாத்தவா? ரெண்டுல ஒண்ணுக்குத்தான் காசு இருக்கு." அவனிடம் இருப்பது 1080பி, 60 ஹெர்ட்ஸ் மானிட்டர். கார்டு நடுத்தர ரகம், மூன்று வருடப் பழசு.

உடனே ஒரு பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் இதே கேள்வியில் ஒருமுறை சூடுபட்டவன் நான். அதைப் பின்னால் சொல்கிறேன். "ரெண்டு நாள் டைம் குடுடா" என்று வைத்துவிட்டு, இந்தக் கேள்வி எப்போதிலிருந்து இருக்கிறது என்று கிளற ஆரம்பித்தேன். ரெண்டு நாள் ரெண்டு வாரம் ஆனது.

1981 ஆகஸ்டில் ஐபிஎம் தன் பிசியை வெளியிட்டபோது இரண்டு டிஸ்ப்ளே கார்டுகளை விற்றது. ஒன்று எம்டிஏ. எழுத்து மட்டும்தான், வரிக்கு 80 எழுத்து, மொத்தம் 25 வரி. அதற்கு 5151 என்ற பச்சைத்திரை மானிட்டர். இன்னொன்று சிஜிஏ. 320×200 புள்ளிகளில் ஒரே நேரத்தில் 4 வண்ணம். இதில் வேடிக்கை என்னவென்றால், வண்ணக் கார்டை விற்ற ஐபிஎம்மிடம் அந்த பிசிக்கென்று சொந்த வண்ண மானிட்டர் கிடையாது. 5153 என்ற அந்த மானிட்டர் 1983இல்தான் வந்தது. ஆக, பிசி உலகத்தில் "கார்டா, மானிட்டரா" என்ற கேள்விக்கு முதல் இரண்டு வருடம் ஐபிஎம்மே பதில் சொல்லிவிட்டது: கார்டை வாங்கு, மானிட்டருக்கு நீயே வழி பார்த்துக்கொள்.

மக்கள் வழி பார்த்துக்கொண்டார்கள். பலர் வீட்டு டிவியில் இணைத்தார்கள். அமெரிக்காவின் என்டிஎஸ்சி டிவி முறையில் வெளிச்சமும் வண்ணமும் ஒரே சிக்னலில் கலந்து வரும். ரொம்ப நெருக்கமாக இருக்கும் கருப்பு வெள்ளைப் புள்ளிகளை டிவி குழம்பிப்போய் வண்ணம் என்று காட்டிவிடும். கேம் எழுதுகிறவர்கள் இந்தக் குழப்பத்தையே வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். 640×200இல் இரண்டே நிறம் காட்டும் மோடில் புள்ளிகளை ஒரு கணக்காக அடுக்கினால், டிவியில் 16 வண்ணம் கிடைக்கும். சியரா நிறுவனத்தின் கிங்ஸ் குவெஸ்ட் இப்படி ஒரு மோடை வைத்திருந்தது.

இப்போது யோசித்துப் பாருங்கள். 1983இல் ஒருவர் காசு சேர்த்து, டிவியைத் தூக்கிவிட்டு நல்ல 5153 மானிட்டர் வாங்குகிறார். எழுத்து கண்ணாடி மாதிரி தெளிவாகத் தெரிகிறது. ஆனால் கேமில் அந்த 16 வண்ணம் காணாமல் போய்விடுகிறது! மானிட்டர் சிக்னலைச் சரியாகப் பிரித்துக் காட்டிவிடுகிறதே, குழம்பினால்தானே வண்ணம். நல்ல மானிட்டர் வாங்கியதால் கேம் மோசமாகத் தெரிந்தது. எனக்குத் தெரிந்து, மேம்படுத்தப் போய் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் வரிசை இங்கேதான் தொடங்குகிறது.

மறுபக்கம், பச்சைத்திரைக்காரர்களுக்கு 1982இல் ஒரு நல்ல காலம் பிறந்தது. தாய்லாந்தைச் சேர்ந்த வான் சுவன்னுகுல், தன் ஆய்வேட்டைத் தாய்லாந்து எழுத்தில் பிசியில் அடிக்க ஆசைப்பட்டார். எம்டிஏ கார்டில் எழுத்து வடிவங்கள் சிப்பிலேயே பதிந்திருந்தன, மாற்ற முடியாது. சிஜிஏவில் படம் வரும், ஆனால் அந்தச் சுழியும் கொம்பும் தெரிகிற அளவுக்குப் புள்ளிகள் போதாது. (தமிழுக்கும் அதே கதிதான் என்று சொல்ல வேண்டியதில்லை.) அவர் செய்த ஹெர்குலஸ் கார்டு, அதே பச்சைத்திரை மானிட்டரில் 720×348 புள்ளிகளில் படம் வரைந்தது. மானிட்டரைத் தொடவே வேண்டாம். கார்டை மட்டும் மாற்றினால் போதும். பிஸினஸ் சாஃப்ட்வேர்கள் அதை ஆதரித்ததும் உலகமெல்லாம் பரவியது. 90களின் தொடக்கத்தில் எங்கள் ஊர் கம்ப்யூட்டர் சென்டரில் நான் பார்த்த முதல் பிரின்ஸ் ஆஃப் பெர்சியா ஒரே நிறத்தில்தான் ஓடியது. அது ஹெர்குலஸ் உபயம் என்பது இப்போதுதான் உறைக்கிறது.

1984இன் ஈஜிஏவைத் தாண்டிவிடலாம். 1987இல் விஜிஏ வந்தது. சிக்னல் அனலாக் ஆனது. எத்தனை வண்ணம் என்பதை இனி மானிட்டர் முடிவு செய்யவில்லை. அதே காலத்தில் என்இசியின் மல்டிசிங்க் போல, பல அதிர்வெண்களுக்குத் தன்னைச் சரிசெய்துகொள்ளும் மானிட்டர்களும் வந்தன. அதற்கு முன் இது விளையாட்டில்லை. எம்டிஏ, சிஜிஏ இரண்டுக்கும் ஒரே 9 பின் கனெக்டர். 5151ஐத் தவறான கார்டில் சொருகினால் மானிட்டரே பழுதாகும் ஆபத்து இருந்தது.

இதன் பிறகு வந்த பத்துப் பதினைந்து வருடம் சிஆர்டியின் பொற்காலம். அந்தக் கண்ணாடிக் குழாயில் "இத்தனை பிக்சல்தான்" என்று கட்டாயம் எதுவும் இல்லை. 640×480 கொடுத்தால் அதை வரையும், 1024×768 கொடுத்தால் அதையும் வரையும். இரண்டும் இயல்பாகவே தெரியும். 1996இல் 3டிஎஃப்எக்ஸின் வூடூ வந்தபோது, ஏற்கெனவே இருந்த கார்டிலிருந்து ஒரு கேபிளை வெளியே வளைத்து அதற்குள் விட்டு, அங்கிருந்து மானிட்டருக்கு எடுத்தார்கள். மானிட்டர் பழசுதான். கேம் மட்டும் வேறு உலகம். 1998இல் இரண்டு வூடூ2 கார்டுகளைச் சேர்த்து 1024×768இல் ஓட்டினார்கள். அதற்கும் வீட்டில் இருந்த சிஆர்டியே பெரும்பாலும் போதுமாக இருந்தது. அந்தக் காலத்தில் அக்கா பையன் கேட்டிருந்தால் பதில் ஒரே வார்த்தை: கார்டு.

என்னுடைய சூடு இதற்கு அடுத்த கட்டத்தில். 2005 வாக்கில் 17 இன்ச் எல்சிடி ஒன்று வாங்கினேன். மேசையில் இடம் மிச்சம், பார்க்க ஜோர். சிஆர்டியை 200 ரூபாய்க்குப் பழைய சாமான்காரரிடம் தள்ளிவிட்டேன். அதில் நான் கேம் ஆடியது 800×600இல். அதாவது 4,80,000 பிக்சல். புது எல்சிடியின் சொந்த அளவு 1280×1024, 13,10,720 பிக்சல். என் கார்டுக்கு ஒரே ராத்திரியில் 2.7 மடங்கு வேலை. மூச்சு வாங்கியது. சரி, 800×600க்கே இறக்குவோம் என்றால் படம் கஞ்சி மாதிரி கலங்கிப் போனது. எல்சிடியில் பிக்சல்கள் செங்கல் மாதிரி பதித்தவை. வேறு அளவு கொடுத்தால் இட்டு நிரப்பித்தான் காட்டும். மானிட்டர் மட்டும் வாங்கியதாக நினைத்தேன். கூடவே ஒரு கார்டையும் வாங்க வேண்டிய கடனை வாங்கியிருந்தேன்.

நான் கண்டுகொண்டவரை இந்தக் கேள்வி உண்மையிலேயே கடினமானது எல்சிடி வந்த பிறகுதான். 1080பி என்பது 20.7 லட்சம் பிக்சல். 1440பி 36.9 லட்சம், 4கே 82.9 லட்சம். 1080பியிலிருந்து 4கே போனால் சரியாக நான்கு மடங்கு. நேரக் கணக்கும் உண்டு. 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் ஒரு ஃப்ரேமுக்குக் கார்டுக்குத் தருவது 16.7 மில்லி செகண்ட். வி-சிங்க் போட்டிருக்கும்போது கார்டு ஒவ்வொரு முறையும் 17 எடுத்தால், சாதாரணமாக அடுத்த சுற்று வரை காத்திருக்க வேண்டும். 60 ஒரேயடியாக 30 ஆகிவிடும். பஸ்ஸை அரை நிமிடத்தில் தவறவிட்டு அடுத்த பஸ்ஸுக்கு நிற்கிற கதை.

இதை உடைத்தது 2013இல் என்விடியா அறிவித்த ஜி-சிங்க். பஸ் நமக்காக நிற்கும். கார்டு ஃப்ரேமை முடித்த பிறகு மானிட்டர் திரையைப் புதுப்பிக்கும். ஆனால் மானிட்டருக்குள் தனி மாட்யூல், அதற்குத் தனி விலை. 2014இல் வெசா அமைப்பு அடாப்டிவ்-சிங்க்கை டிஸ்ப்ளேபோர்ட் தரத்தில் சேர்த்தது. ஏஎம்டி அதன் மேல் ஃப்ரீசிங்க்கைக் கட்டியது. 2019 ஜனவரியில் என்விடியாவும் இறங்கி வந்து அந்த மானிட்டர்களுக்குக் கதவைத் திறந்தது. என்னைக் கேட்டால், சாதாரணக் காசுக்காரனுக்கு இந்தக் கதையில் முக்கியமான வருடம் 2013 அல்ல, 2019.

அடுத்து டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் வகையறா. கேமைச் சின்ன அளவில் வரைந்து, கார்டே பெரிதாக்கித் தருவது. 2018இல் வந்த முதல் டிஎல்எஸ்எஸ் சுமார்தான். 2020இன் இரண்டாம் பதிப்பில்தான் ஆள் தேறினான். சிஆர்டி இலவசமாகக் கொடுத்த சலுகையை, இருபது வருடம் கழித்து சிலிக்கான் போட்டு ஓரளவு திரும்ப வாங்கியிருக்கிறோம். இன்றைக்கு மானிட்டரை முதலில் வாங்குகிறவனுக்கு 2005இல் எனக்கு விழுந்த அடி விழாது.

அக்கா பையனுக்குப் போன் போட்டேன். கார்டு மாடல் கேட்கவில்லை. "எந்த கேம் ஆடுற, இப்போ எத்தனை ஃப்ரேம் வருது?" என்று மட்டும் கேட்டேன். வாலரண்ட், 150க்கு மேல் வருகிறதாம். 150 சமைத்து 60 பரிமாறுகிற வீடு. "மானிட்டர் வாங்கு. 1080பியே போதும், 144 ஹெர்ட்ஸ், அடாப்டிவ்-சிங்க் இருக்கான்னு பாரு. 4கே பக்கம் போகாதே" என்றேன். சைபர்பங்க் 2077இல் 40 வருகிறது என்று சொல்லியிருந்தால் கார்டு வாங்கச் சொல்லியிருப்பேன்.

வாங்கினான். பணத்தில் பாதிக்கு மேல் மிச்சம். அன்று ராத்திரியே போன். "மாமா, ஒரு வித்தியாசமும் தெரியல." குரலே சரியில்லை. ட்யூஷன் காசு.

விண்டோஸில் டிஸ்ப்ளே செட்டிங்ஸைத் திறந்து ரெஃப்ரெஷ் ரேட்டைப் படிக்கச் சொன்னேன். 60இலேயே கிடந்தது. மாற்றச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. மவுஸை வட்டம் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தானாம்.