குகைக்கும் தேரடிக்கும் நடுவே

மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தைத் தமதாக்கிக்கொண்டு, அரங்கும் அரிதாரமும் இன்றி வாய்ப்பேச்சினாலேயே ஒரு நெடுங்கதையை நாட்கணக்கில் நடத்தி விளையாடும் வழக்கம் இக்காலத்து இளைஞரிடையே பரவி வருகின்றது. அவர்களுக்கு அடிக்கடி நேரும் சங்கடம் ஒன்று உண்டு. கதை முழுவதும் கடைவீதியிலும் கோட்டைவாயிலிலும் நடக்க வேண்டியிருக்க, ஒருவர் ஏற்ற பாத்திரமோ மரத்தையும் மிருகத்தையும் அன்றி வேறெதையும் நாடாத வனவாசியாக அமைந்துவிட்டால், அவனை எதைக் காட்டி ஊருக்குள் நிறுத்துவது என்று கதை நடத்துபவர் தலையைச் சொறிய நேர்கின்றது. பொருளாசை காட்டினால் அவன் மசியமாட்டான். பயமுறுத்தினாலோ காட்டுக்கே ஓடிவிடுவான். திருவண்ணாமலையின் சரித்திரத்தைப் புரட்டுவோர்க்கு இந்தச் சங்கடம் புதிதன்று. மலையின்மேல் மாறாக் காதல் கொண்டு வந்தவர்களை, மலையடியில் சந்தடி மிகுந்து கிடக்கும் ஓர் ஊர், தலைமுறை தலைமுறையாகத் தன் எல்லையிலேயே வைத்துக்கொண்டிருந்த விருத்தாந்தம் அது.

ஊரின் சந்தடியைப் பற்றி ஐயமே வேண்டா. பதினோரு நிலையும் 217 அடி உயரமும் கொண்ட கிழக்கு ராஜகோபுரத்தின் எதிரே தேரோடும் வீதியும், வீதி நெடுகப் பாத்திரக்கடையும் பூக்கடையும் சத்திரமும், கார்த்திகையில் நாடே திரண்டு வந்தாற்போன்ற ஜனக்கூட்டமுமாக இருப்பது இவ்வூர். 14ஆம் நூற்றாண்டில் போசள மன்னன் மூன்றாம் வல்லாளன் இதைத் தலைநகராகக் கொண்டு ஆண்டான். 18ஆம் நூற்றாண்டுக் கர்நாடக யுத்தங்களில் பல தரப்புச் சேனைகள் இதைப் பலமுறை முற்றுகையிட்டன. தபசுக்கு உகந்த அமைதியை நாடி வருபவன் எவனும் முதல் நாளே மூட்டை கட்ட வேண்டிய இடம். ஆயினும் கோயிலின் மேற்கே பேகோபுரத்தைத் தாண்டிச் சிறிது தூரம் ஏறினாலே குகைகள் தொடங்கிவிடுகின்றன. சற்றேறக்குறைய 2,670 அடி உயர்ந்த அம்மலையின் சரிவில் பாறைநிழலில் உட்கார்ந்திருப்பவனுக்குக் கோயிலின் மணியோசை தெளிவாகக் கேட்கும். கடைத்தெருவின் இரைச்சலோ ஒரு முணுமுணுப்பாக மட்டுமே வந்து சேரும். ஊருக்கும் வனத்துக்கும் இடையே இவ்வளவு குறைந்த தூரம் அமைந்திருப்பதுதான் இந்தக் கதைக்கெல்லாம் அடிப்படை என்பது என் கருத்து.

கூலி கொடுத்துத் துறவியை நிறுத்தி வைக்க முயன்றவர்களும் உலகில் உண்டு. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், சர்ரே மாகாணத்துப் பெயின்ஸ்ஹில் என்னும் தம் பண்ணையில் ஒரு குடில் கட்டி, அதில் ஏழாண்டுகள் முடி களையாமலும் யாரிடமும் பேசாமலும் வசிக்கும் துறவிக்கு 700 பவுன் தருவதாக சார்லஸ் ஹாமில்டன் என்ற சீமான் அறிவித்தாராம். வந்து சேர்ந்தவன் மூன்று வாரத்துக்குள் சாராயக்கடையில் அகப்பட்டுக்கொண்டு வேலையை இழந்தான் என்று சொல்கிறார்கள். அண்ணாமலையில் யாரும் யாருக்கும் சம்பளம் பேசவில்லை.

முதலில் நினைக்கத்தக்கவர் குகை நமசிவாயர். பல நூற்றாண்டுகளுக்கு முன் கன்னட தேசத்திலிருந்து ஸ்ரீசைலம் வழியாக இங்கே வந்து, மலைச்சரிவில் இன்றும் அவர் பெயராலேயே வழங்கும் குகையில் வாழ்ந்த வீரசைவர். இறந்துபோன ஒரு சினையாட்டை அவர் உயிர்ப்பித்தார் என்று கேள்விப்பட்ட ஊர்த்துஷ்டர் சிலர், அவரைப் பரிகசிக்கும் பொருட்டு, உயிரோடிருந்த ஒருவனைப் பாடையில் கிடத்தித் தூக்கி வந்து எழுப்பித் தரும்படி வேண்டினர் என்றும், அவன் செத்தவனே என்று அவர் சொல்ல, பாடையில் கிடந்தவன் மெய்யாகவே பிணமாய்ப் போனான் என்றும் ஐதிகம். இதன்பின் அவருக்கு ஊரின்மேல் பொங்கிய கோபம் சாமான்யமானதன்று. இவ்வூரின் குற்றங்களை ஒவ்வொன்றாக அடுக்கி, இது அழிந்தொழிக என்று முடியும் சாபவெண்பா ஒன்றைப் பாடத் தொடங்கினார். கடைசியடி வாயினின்று வெளிப்படுவதற்குள், நானும் இந்த ஊரில்தானே குடியிருக்கிறேன் என்று அண்ணாமலையாரே குறுக்கிட்டார். உடனே புலவர் ஓரெழுத்தை மாற்றி, அழியும் ஊரை அழியா ஊராக்கி வெண்பாவை முடித்தார்.

நடந்ததோ நடவாததோ, இக்கதையைக் கட்டியவன் மனித சுபாவத்தை நன்கு அறிந்தவன். ஊரார் மனம் திருந்தினார்கள் என்று அவன் சொல்லவில்லை. தாம் நேசித்த மலையும் அதன் வடிவான ஈசனும் இந்தப் பொல்லாத ஊரின் குடிகள் என்பதை முனிவர் மறந்திருந்தார், நினைவூட்டப்பட்டார், அவ்வளவே. ஊரைச் சபித்தால் சாபம் மலையையும் சேர்த்துப் பிடிக்கும் என்று தெரிந்தபின் அவர் எங்கே போவார்? குகையிலேயே இருந்தார், அங்கேயே அடக்கமானார்.

சேஷாத்ரி சுவாமிகளை இந்த வரிசையில் சேர்ப்பது பொருந்தாது. 1889இல் வந்து 1929 ஜனவரியில் மறையும்வரை அவர் சஞ்சரித்ததெல்லாம் பெரும்பாலும் வீதியில்தான். கடைக்குள் நுழைந்து சரக்கை வாரி இறைத்தாலும் அன்று வியாபாரம் பெருகும் என்று வணிகர் மகிழ்ந்தனர். ஆனால் பாதாளலிங்கக் குகையில் எறும்பும் பூச்சியும் தொடையை அரிக்க உணர்வற்று அமர்ந்திருந்த ஓர் இளைஞனைக் கல்லெறியும் சிறுவர்களிடமிருந்து காத்து, இன்னாரென்று ஊருக்குக் காட்டிக்கொடுத்தவர் அவரே. வீதியில் திரிந்த அந்த ஞானி இல்லையேல், குகையில் இருந்த ஞானி அந்த முதலாண்டைக் கடந்திருப்பாரோ என்பது ஐயமே.

அவ்விளைஞர் திருச்சுழி வேங்கடராமன். பிற்காலத்து ரமண மகரிஷி. 1896 செப்டம்பர் 1ஆம் தேதி, பதினாறு வயதில், மதுரையிலிருந்து ரயிலேறியும் கால்நடையாகவும் வந்து, கையில் மிஞ்சிய காசை அய்யங்குளத்தில் எறிந்தவர், 1950 ஏப்ரல் 14இல் மறையும்வரை ஐம்பத்து மூன்றரை ஆண்டுகள் இந்த எல்லையைத் தாண்டவில்லை. ஊரில் நிற்க வேண்டுமென்று வந்தவரல்லர். ஆயிரங்கால் மண்டபம், பாதாளலிங்கம், குருமூர்த்தம், மாந்தோப்பு, பவழக்குன்று என்று கூட்டத்துக்கு அஞ்சி ஒன்றிலிருந்து ஒன்றாக விலகிச் சென்ற அவருடைய தடத்தைப் பார்த்தால், இன்னும் இரண்டு பெயர்ச்சியில் ஜவ்வாது மலைக்கே போய்விடுவார் என்றுதான் எவரும் கணித்திருப்பர். 1898 டிசம்பரில் பவழக்குன்றுக்கு வந்த தாய் அழகம்மாள் நாட்கணக்கில் அழுது அரற்றியும் மகன் வாய் திறக்கவில்லை; அருகிருந்தோர் நீட்டிய தாளில், அவரவர் வினைப்படியே யாவும் நடக்கும் என்னும் கருத்தை எழுதிக்காட்டி அனுப்பிவிட்டார். கண்ணீரால் அவரை அசைக்க முடியவில்லை என்பதை இவ்விடத்தில் குறித்துக்கொள்ள வேண்டும்.

1899இல் விரூபாக்ஷ குகையை அடைந்தபின் பதினேழு ஆண்டுகள் அங்கே. குரங்குகளுக்கு அவர் நடுவராக இருந்தார். கடிபட்டு இனத்தார் கைவிட்ட நொண்டிக்குட்டி ஒன்றை வளர்த்துத் திரும்பவும் கூட்டத்தில் சேர்ப்பித்தார். புதரில் மறைந்திருந்த குளவிக்கூட்டில் தம் தொடை பட்டுவிட்டதென்று, குற்றம் செய்த காலை அவை கொட்டி ஓயும்வரை அசையாமல் நின்றார். இத்தகைய ஒருவர் ஊரோடு எவ்வாறு பிணைந்தார் என்பதற்கு விடை, தத்துவத்தில் அகப்படுவதைவிடப் பிக்ஷாபாத்திரத்தில் எளிதாக அகப்படும்.

குகையில் அடுப்பு எரியாத காலம் அது. உடனிருந்த பழனிசாமியும் மற்றவர்களும் ஊருக்குள் சென்று எடுத்து வரும் அன்னமே எல்லார்க்கும் ஆகாரம். புறப்படும்போது குகைவாயிலில் ஒரு சங்கு ஊதுவார்கள், மலையடியில் ஒரு சங்கு, வீதிமுனையில் மூன்றாவது. முதற்சங்கு கேட்டதும் வீடுகளில் இலை துடைத்துச் சோறு எடுத்து வைப்பார்கள்; மூன்றாவது கேட்கையில் வாசலில் நிற்பார்கள். வந்ததையெல்லாம், சோறோ குழம்போ பலகாரமோ, ஒரே பாத்திரத்தில் கொட்டி வெந்நீர் விட்டுக் கலந்து கஞ்சியாக்கிச் சமமாகப் பகிர்ந்துண்டனர். உப்புப் போதவில்லையென்றாலும் கேட்டு வாங்கும் வழக்கம் இல்லை. இவர்கள் பெயரைச் சொல்லி வேறு சிலரும் பிக்ஷை வாங்கத் தலைப்படவே, அடையாளமாகப் பாடிச் செல்லத் தனிப்பாட்டு ஒன்று வேண்டும் என்று அடியார்கள் கேட்டனர். அக்ஷரமணமாலை பிறந்தது அவ்வாறுதான். தமிழுலகம் இன்று பக்தியோடு ஓதும் ஒரு நூல், பகலுணவு தவறாமல் வந்து சேர வேண்டும் என்ற அற்பக் காரணத்தினால் தோன்றியது என்பதை நினைக்க எனக்கு எப்போதும் மகிழ்ச்சியே.

பிக்ஷைக்குப் போகாமலே வந்த அன்னமும் உண்டு. கணவனையும் மக்களையும் அடுத்தடுத்துப் பறிகொடுத்துவிட்டு வந்த எச்சம்மாள், தன் வீட்டில் சமைத்ததைச் சுமந்துகொண்டு அன்றாடம் மலையேறினாள். தன் ஆயுள் உள்ளவரை அந்தக் கைங்கரியத்தை விடவில்லை. ஒருமுறை லக்ஷம் இலை பறித்து அர்ச்சிப்பதாக அவள் விரதம் பூண்டாள். கோடையில் மலை காய்ந்துவிட, இலை கிடைக்கவில்லை என்று வந்து முறையிட்டாள். இலை அகப்படாவிட்டால் உன் உடம்பைக் கிள்ளி அர்ச்சிப்பதுதானே என்றார் ரமணர். உனக்கு வலிக்கும் என்றால் மரத்துக்கு வலிக்காதா என்பதே கேள்வி. விரதம் நின்றது, சோறு நிற்கவில்லை. மரத்தின் பக்கம் நின்று பேசிய அவர், அன்றைய இலையில் அவள் படைத்ததை மறுக்கவும் இல்லை. ஊர் அவரைக் கட்டிய கயிறு இத்தனை மெல்லியது.

முரட்டுக் கயிறுகளும் வீசப்பட்டதுண்டு. கார்த்திகைத் திருவிழாவின்போது விரூபாக்ஷ குகைக்கு ஏறிவரும் யாத்திரிகரிடம், குகைக்கு உரிமை கொண்டாடிய மடத்தார் தலைக்கு இவ்வளவு என்று காசு வசூலித்தனர். ரமணர் வாதாடவில்லை, குகையை விட்டு வெளியேறி மரத்தடியில் உட்கார்ந்தார், காவற்காரர் எல்லையை அதுவரை நீட்டவே, அவர் வேறு குகைக்குப் போய்விட்டார். அவரில்லாத குகைக்கு யார் காசு கொடுப்பார்? மடத்தார் கட்டணத்தைக் கைவிட்டு அவரைத் திரும்ப அழைத்தனர். 1905இல் பிளேக் நோய் பரவி ஊர் வெறிச்சோடியபோதும் இதே சுபாவம்தான். தூரதேசம் செல்ல அதைவிட நல்ல சாக்கு வாய்த்திராது. சிறுத்தைகள் தண்ணீர் குடிக்க வந்துபோகும் பச்சையம்மன் கோயிலில் ஏறத்தாழ ஆறு மாதம் தங்கியிருந்துவிட்டு, ஜனங்கள் திரும்பியபின் தம் இடத்துக்கே மீண்டார்.

கோடையில் விரூபாக்ஷ குகையில் தண்ணீர் வற்றும். 1916இல், வற்றாத சுனை ஒன்றன் அருகே கந்தசாமி என்னும் அன்பர் பாறையை உடைத்துத் தளம் கட்டித் தென்னை வைத்து அமைத்த கந்தாசிரமத்துக்கு அனைவரும் குடிபெயர்ந்தனர். மகனை மீட்கப் பதினெட்டாண்டுக்கு முன் வந்து தோற்றுப்போன தாய், அதே ஆண்டில் மகனோடு தங்கவே வந்து சேர்ந்தாள்; மலையில் அடுப்பு மூட்டப்பட்டது. மயிலும் அணிலும் நாயும் ஒருபுறம், அம்மாளின் ரசமும் ஆசாரமும் மறுபுறம் என்று ஆறாண்டுகள் சென்றன. கமலா என்ற நாய், புதிதாக வந்தவர்களை முன்னின்று அழைத்துச் சென்று குகைகளையும் தீர்த்தங்களையும் சுற்றிக்காட்டித் திரும்பும் வழக்கமுடையது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஊருக்கும் மலைக்கும் இடையே அதைவிட நேர்மையான தரகர் இருந்ததாகத் தெரியவில்லை.

1922 மே 19ஆம் தேதி அழகம்மாள் மறைந்தார். மலைமீது அடக்கம் செய்வது வழக்கமில்லையாதலால், அடிவாரத்தில் பாலிதீர்த்தத்தின் அருகே சமாதி வைத்தார்கள். அதன்மேல் ஒரு கீற்றுக்கொட்டகை எழுந்தது. ரமணர் கந்தாசிரமத்திலிருந்து அன்றாடம் இறங்கி வந்து சென்றார். டிசம்பரில் ஒருநாள் அவ்வாறு வந்தவர் திரும்பி ஏறவில்லை. யாரும் அழைத்ததாகவோ அவர் தீர்மானித்ததாகவோ செய்தியில்லை. அழுது மன்றாடிய தாயால் ஆகாதது, வாய்பேசாத சமாதியால் ஆயிற்று. மலையிலிருந்து இறங்கிய அந்தச் சில நூறு அடிகளில் ஒரு பெரிய ஆசிரமம் வேரூன்றிவிட்டது. கொட்டகை இருந்த இடத்தில் எழுந்த மாத்ருபூதேசுவரர் ஆலயத்துக்கு 1949 மார்ச் 17இல் கும்பாபிஷேகம் நடந்தது. குடியாத்தத்தின் பக்கத்திலிருந்து 1926இல் கன்றாக வந்த லக்ஷ்மி என்ற பசுவுக்கும் தோட்டத்திலேயே சமாதி. அது மறைந்தது 1948 ஜூன் 18இல்.

கீழே வந்தபின் அவர் இழந்ததும் உண்டு. மலையைச் சுற்றிய எட்டு மைலுக்கு மேற்பட்ட வழியில், இரவில் புறப்பட்டு விடியலில் திரும்புவதும், சிலவேளை இரண்டு மூன்று நாட்கள் இழுத்துக்கொண்டு ஆங்காங்கே தங்கிச் செல்வதுமான கிரிவலம் அவருக்கு உயிர். 1926 வாக்கில் அது நின்றுபோயிற்று. அவர் கிளம்பினால் ஆசிரமத்தில் ஒருவரும் பின்தங்க மறுத்து எல்லாரும் கிளம்பிவிட, வந்தவர்க்கு ஒரு குவளை நீர் கொடுக்கவும் ஆளில்லாமற் போனதே காரணம். உடல் தளர்ந்த கடைசி ஆண்டுகள் வரையில், கைத்தடியும் கமண்டலமுமாக ஆசிரமத்தின் பின்புறத்துச் சரிவில் வேளை தவறாமல் ஏறி இறங்குவதோடு நிறுத்திக்கொண்டார். மணியடித்தால் சாப்பாட்டுக்கு வந்துவிடுவார்.