காயத்துக்குப் பின் ஓட்டம்: ஒரு வழக்கத்தின் வரலாறு

ஓட்டத்தைப் பிழைப்பாகக் கொள்ளாமல், வேலைக்குப் போகும் முன்போ வேலை முடிந்த பின்போ நெடுந்தொலைவு ஓடிப் பழகும் ஒருவர், காயத்தால் ஓய்ந்திருந்துவிட்டு மறுபடி பயிற்சிக்குத் திரும்பும்போது, இன்று எந்த நாட்டிலும் ஏறத்தாழ ஒரே முறையைத்தான் கைக்கொள்கிறார். வலியின்றி அரைமணி நேரம் நடக்க முடிந்த பிறகு, ஒரு நிமிட ஓட்டமும் சில நிமிட நடையும் மாறிமாறி வரத் தொடங்கி, ஒருநாள் விட்டு ஒருநாள் ஓட்டத்தின் பங்கைக் கூட்டி, சில வாரங்களில் நடையை முற்றிலும் கைவிடுவது அம்முறை. பார்க்க எளிய நடைமுறையாகத் தோன்றினாலும், இதன் கூறுகள் ஒரே இடத்தில் பிறந்தவை அல்ல. படைவீரர்களின் மருத்துவமனை, மாரடைப்புக்கு ஆளானோரின் சிகிச்சை, மருத்துவர்கள் ஏளனம் செய்த கட்டு வைத்தியர்களின் கைப்பழக்கம் ஆகியவற்றிலிருந்து ஒவ்வொன்றாகத் திரண்டு வந்தவை. காயம்பட்ட ஓட்டக்காரரின் காலுக்கென்றே இம்முறை முதலில் வகுக்கப்படவில்லை என்பதைக் கருத்தில் கொண்டால்தான், அதன் வலிமையும் குறையும் விளங்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் மருத்துவம் காயத்துக்குக் கண்ட பெரு மருந்து ஓய்வு. லண்டன் அறுவை மருத்துவர் ஜான் ஹில்டன் 1860 முதல் 1862 வரை ஆற்றிய சொற்பொழிவுகள் 1863இல் நூலாக வெளிவந்தன. வலி என்பது ஓய்வு கேட்டு உடல் எழுப்பும் குரல் என்னும் கருத்தை அந்நூல் இரண்டு மூன்று தலைமுறை மருத்துவர்களின் மனத்தில் ஆழப் பதித்தது. லிவர்பூலில் ஹியூ ஓவன் தாமஸ், அசையாமல் கட்டி வைக்கும் ஓய்வு முழுமையானதாகவும் இடையறாததாகவும் நீண்டதாகவும் இருக்க வேண்டும் என்று வலியுறுத்தி, அதற்கான தாங்குசட்டங்களைத் தம் பட்டறையிலேயே செய்வித்தார். காசநோய் கண்ட மூட்டுகளும் திறந்த முறிவுகளும் நிறைந்திருந்த காலத்தில் அந்தக் கண்டிப்புப் பல உயிர்களைக் காத்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் அதே விதி சுளுக்குக்கும் தசைப்பிடிப்புக்கும் நீட்டிக்கப்பட்டபோது, மூட்டு இறுகி, தசை மெலிந்து, நோயாளி வந்த நிலையைவிட மோசமான நிலையில் வீடு திரும்புவதும் நேர்ந்தது.

அப்படி வீடு திரும்பியவர்களுள் பலர் கட்டு வைத்தியரிடம் சென்றார்கள். இங்கிலாந்தின் கிராமங்களில் தலைமுறை தலைமுறையாக எலும்பும் மூட்டும் பார்த்து வந்த இவர்கள், இறுகிய மூட்டைப் பிடித்துத் திருப்பி அசைத்து, அன்றே நடக்கச் சொல்லி அனுப்புவார்கள். தாமஸே இத்தகைய வைத்தியக் குடும்பத்தில் பிறந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது. அக்காலத்தின் புகழ்பெற்ற அறுவை மருத்துவரான ஜேம்ஸ் பேஜெட், கட்டு வைத்தியர்கள் குணப்படுத்தும் நோய்களைப் பற்றி 1867இல் ஒரு சொற்பொழிவே நிகழ்த்தி, அவர்களிடமிருந்து கற்க வேண்டியதைக் கற்குமாறு தம் துறையினரைக் கேட்டுக்கொண்டார். பிரான்சில் லூக்கா ஷாம்பியோனியேர், முறிந்த எலும்பைக்கூட நீவியும் அளவோடு அசைத்தும் ஆற்ற முடியும் என்று வாதாடினார். இவர்கள் குரல் கேட்கப்பட்டதேயன்றி ஏற்கப்படவில்லை. ஓய்வின் ஆட்சி இன்னும் அரை நூற்றாண்டு நீடித்தது.

ஓட்டக்காரரின் காயங்களுள் மிகவும் அஞ்சப்படுவதை முதலில் விவரித்தவர் விளையாட்டோடு தொடர்பே இல்லாத ஒருவர். பிரஷ்யப் படை மருத்துவர் பிரைட்ஹாப்ட், நெடுந்தொலைவு அணிவகுத்து நடந்த இளம் வீரர்களின் பாதம் வீங்கி வலிப்பதை 1855இல் பதிவு செய்தார். அடியோ விழுகையோ இல்லாமல் வந்த அந்த வீக்கத்தின் காரணம், எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்ட பின் 1897இல்தான் தெரிந்தது: பாதத்தின் நடு எலும்புகளில் மயிரிழை போன்ற முறிவு. ஒரே பளுவைத் திரும்பத் திரும்பத் தாங்குவதால் நேரும் இதனை இன்று அழுத்த முறிவு என்பர். பெரும் அடியால் வரும் முறிவைப் போலன்றி, இது பளுவின் கணக்குத் தவறியதால் வருவது. ஆகவே இதிலிருந்து மீள்வதும் பளுவின் கணக்கைச் சரிசெய்வதைப் பொறுத்தது. அந்தக் கணக்கை மருத்துவமனைக்குள் முதன்முதலில் ஒழுங்காக எழுதியதும் படை மருத்துவம்தான். இரண்டாம் உலகப் போரின் இறுதியில் சிகாகோவின் கார்டினர் மருத்துவமனையில், முழங்கால் அறுவைக்குப் பின் தொடை மெலிந்து கிடந்த வீரர்களை, தாமஸ் டெலார்ம் என்ற இளம் மருத்துவர் எடை தூக்க வைத்தார். பத்து முறை மட்டுமே தூக்க இயலும் எடை எதுவோ அதை அளவாகக் கொண்டு, வாரந்தோறும் அதைக் கூட்டிச் சென்றார். அவர் 1945இல் வெளியிட்ட முறையே, காயம்பட்ட உறுப்புக்குப் பளுவை மருந்தைப் போல அளந்து கொடுக்கும் பிற்காலப் பழக்கத்துக்கு அடித்தளம்.

நடையும் ஓட்டமும் கலந்த அட்டவணையோ வேறொரு வழியில் வந்தது. மாரடைப்பு கண்டவரை ஆறு வாரம் படுக்கையில் கிடத்துவது இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் வழக்கம். 1952இல் பாஸ்டன் மருத்துவர்கள் லெவினும் லௌனும் அவர்களை நாற்காலியில் உட்கார வைக்கத் துணிந்ததே அன்று பெரும் புரட்சியாகக் கருதப்பட்டது. பத்தாண்டுகளுக்குள், நியூசிலாந்தின் ஆக்லாந்தில், செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தபடியே ஒலிம்பிக் வீரர்களை உருவாக்கிய ஆர்தர் லிடியார்ட், நடுவயதுக்காரர்களையும் இதய நோயிலிருந்து மீண்டவர்களையும் திரட்டி மெதுவாக ஓட விட்டார். 1962இன் இறுதியில் அங்கே சென்ற அமெரிக்கப் பயிற்சியாளர் பில் பௌவர்மன், எழுபதைத் தாண்டிய, மாரடைப்பு கண்டு தேறிய முதியவர் ஒருவர் தம்மைவிட எளிதாக மேடேறி ஓடுவதைக் கண்டு வியந்து, தம் ஊரான யூஜீனுக்குத் திரும்பியதும் பொதுமக்களுக்கு ஓட்டப் பயிற்சி தொடங்கினார். இதய மருத்துவர் வால்டோ ஹாரிஸுடன் இணைந்து அவர் எழுதி 1967இல் வெளிவந்த மெல்லோட்ட நூல் பன்னிரண்டு வார அட்டவணைகளைக் கொண்டிருந்தது: சிறு தொலைவு ஓட்டம், பிறகு நடை, பிறகு மீண்டும் ஓட்டம், மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகமே தகுந்த வேகம், கடினமான நாளுக்கு அடுத்து எளிய நாள். டொராண்டோவில் டெரன்ஸ் கவனா என்ற மருத்துவர் இந்தப் பாதையில் இன்னும் தொலைவு சென்றார். மாரடைப்பிலிருந்து மீண்ட அவருடைய நோயாளிகள் சிலர் 1973இன் பாஸ்டன் மாரத்தானையே ஓடி முடித்தனர்.

காயத்திலிருந்து மீளும் ஓட்டக்காரர் இன்று கையில் வைத்திருக்கும் அட்டவணை, கூர்ந்து பார்த்தால், இந்த இதய நோயாளிகளின் அட்டவணையே. அதை அவருக்கு மாற்றிக் கொடுத்தது 1970களின் ஓட்டப் பெருக்கம். அமெரிக்காவில் பல்லாயிரம் பேர் சாலைகளில் ஓடத் தொடங்கியபோது, அவர்களுடைய வலிகளுக்கு மருத்துவமனைகளில் கிடைத்த பதில் பெரும்பாலும் ஒன்றே: ஓடுவதை நிறுத்துங்கள். அந்தப் பதிலில் நிறைவடையாதவர்களுக்காக எழுதியவர்களுள் முதன்மையானவர், நியூ ஜெர்சி இதய மருத்துவரும் ஓட்டக்காரருமான ஜார்ஜ் ஷீஹன். ஐம்பதாம் வயதில் ஒரு மைலை ஐந்து நிமிடத்துக்குள் ஓடிய அவர், தம் சொந்தக் காயங்களிலிருந்து கற்றதைப் பத்திரிகைப் பத்திகளில் வாசகருக்குச் சொல்லி, ஒவ்வொரு ஓட்டக்காரரும் தம் உடலைத் தாமே ஆராய்ந்தறிய வேண்டும் என்றார். 1978இல் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின், ஓய்வு, பனிக்கட்டி, அழுத்தக் கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற நான்கையும் சேர்த்து ஒரு வாய்பாடாக்கினார். அது உலகெங்கும் பரவியது. வீக்கமும் ஆறுதலின் ஒரு பகுதியே என்பதால் பனிக்கட்டியும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று 2014இல் அவரே தம் கருத்தைத் திருத்திக்கொண்டார். ஓட்டக்காரருக்கு இன்னும் அதிகமாகப் பயன்பட்டது, அதே 1978இல் யூஜீனின் எலும்பு மருத்துவர் ஸ்டான்லி ஜேம்ஸும் உடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட ஆய்வு. அவர்களிடம் வந்த 180 ஓட்டக்காரர்களின் காயங்களில் பாதிக்கும் மேற்பட்டவை பயிற்சியில் நேர்ந்த பிழையால் வந்தவை, அதாவது தொலைவையோ வேகத்தையோ திடீரெனக் கூட்டியதால் வந்தவை. காயத்துக்குக் காரணம் இதுவென்றால், அதே அவசரத்தோடு திரும்புபவர் மறுபடி காயத்துக்கே திரும்புவார் என்பது தெளிவு.

ஆயினும் பொதுமக்களின் நினைவில் பதிந்தது இந்த ஆய்வு அன்று. இதே மருத்துவர் செய்த ஓர் அறுவையும் அதன் பின்கதையுமே. 1984 ஏப்ரல் 25 அன்று அமெரிக்க மாரத்தான் வீராங்கனை ஜோன் பெனாய்ட்டின் வலது முழங்காலில் சிறு துளை வழியாக நுண்கருவியைச் செலுத்தி, உள்ளே தடித்து உரசிக்கொண்டிருந்த ஒரு நார்ப்பட்டையை ஜேம்ஸ் அகற்றினார். கால் ஓடத் தயாராகும் வரை, பெனாய்ட் கைகளால் சுழற்றும் மிதிவண்டிக் கருவியில் உழைத்துத் தம் இதயத்தின் திறனைக் காத்தார். அறுவை முடிந்து பதினேழாம் நாள், மே 12 அன்று, ஒலிம்பியா நகரில் நடந்த ஒலிம்பிக் தேர்வு ஓட்டத்தில் 2 மணி 31 நிமிடம் 4 நொடியில் முதலாவதாக வந்தார். ஆகஸ்ட் 5 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில், பெண்களுக்கான முதல் ஒலிம்பிக் மாரத்தானில் தங்கம் வென்றார். இதைவிட நெஞ்சை நிமிர்த்தும் மீட்சி நெடுந்தொலைவு ஓட்ட வரலாற்றில் அரிது. ஆனால் அந்தப் பதினேழு நாட்களுக்குள்ளேயே, வலது காலைக் காக்க முயன்றதில் அவருடைய இடது தொடையின் பின்தசை பிடித்துக்கொண்டது என்பதும், அகற்றப்பட்டது ஒரு தடையே அன்றி முறிந்த எலும்போ நைந்த தசைநாணோ அன்று என்பதும், கதை சொல்லப்படும்போது விடுபட்டுப் போகின்றன. விருப்பத்துக்காக ஓடும் ஒருவர் தம் அழுத்த முறிவுக்கு இந்தக் கதையை அளவுகோலாகக் கொள்வது ஆபத்தானது.

இதய அட்டவணை காலுக்கு ஏன் போதாது என்பதை உடலியல் ஆய்வுகள் தெளிவாக்கின. பயிற்சியை நிறுத்திய தேர்ந்த வீரர்களை 1984இல் ஆராய்ந்த எட்வர்ட் கோய்லும் குழுவினரும், உடல் ஒரு நிமிடத்தில் பயன்படுத்த இயலும் பேரளவு ஆக்சிஜன் முதல் மூன்று வாரத்தில் 7 விழுக்காடும், மூன்று மாதத்தில் 16 விழுக்காடும் குறைந்ததைக் கண்டார்கள். முதலில் வரும் இழப்பின் பெரும்பகுதி, ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியேற்றும் குருதியின் அளவு குறைவதால் நேர்வது. பயிற்சி தொடங்கியதும் அது விரைவாக ஈடாகிவிடும். எலும்பின் ஒழுங்கோ வேறு. பளு கூடும்போது, நுண்ணிய சிதைவுகள் உள்ள இடங்களைச் சில செல்கள் முதலில் அரித்து நீக்குகின்றன, வேறு செல்கள் அதன் பின்னரே புதிய எலும்பை நிரப்புகின்றன. அரிப்புக்குச் சில வாரங்கள் போதும், நிரப்புவதற்கு மாதங்கள் வேண்டும் என்பதால், பயிற்சி தொடங்கிய சில வாரங்களில் எலும்பு முன்னிருந்ததைவிட மெலிந்து நிற்கிறது. மூச்சு சீராகி, கால் இலகுவாகி, பழைய வேகம் வந்துவிட்டது என்று ஓட்டக்காரர் மகிழ்வதும் அந்த வாரங்களில்தான். திரும்பி வந்தவர் மீண்டும் முடங்கும் பழைய கதையின் காரணம் பெரும்பாலும் இதிலேயே அடங்கியிருக்கிறது.

தசைநாண் இன்னும் மெதுவானது. கெண்டைக்கால் தசையைக் குதிகாலோடு இணைக்கும் அக்கிலிஸ் தசைநாணின் உட்பகுதி, வளரும் பருவம் முடிந்த பின் ஏறத்தாழப் புதுப்பிக்கப்படுவதே இல்லை என்று டென்மார்க் ஆய்வாளர்கள் 2013இல் காட்டினர். அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கலந்து உணவு வழியே உடலில் சேர்ந்த கதிரியக்கக் கார்பனை அளந்தே அவர்கள் இம்முடிவுக்கு வந்தார்கள். இத்தகைய திசுவை ஓய்வு புதிதாக்காது. பளுவே அதைத் தேற்றும். ஸ்வீடனின் ஊமியோவில் ஹோகன் ஆல்ஃப்ரெட்சன், அக்கிலிஸ் வலியால் அறுவைக்குக் காத்திருந்த பதினைந்து நடுவயது விளையாட்டார்வலர்களைப் படி விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி நிற்கச் செய்து, உடலின் எடை முழுவதையும் வலிக்கும் காலில் ஏற்றியபடி குதிகாலை மெல்லக் கீழே இறக்க வைத்தார். மேலே எழுவதற்கு மற்றக் கால் உதவும். முழங்காலை நீட்டியும் மடக்கியும், ஒவ்வொன்றும் பதினைந்து பதினைந்தாக மூன்று முறை, காலையும் மாலையும் செய்தால் ஒரு நாளுக்கு 180 தடவை. வலி தணிந்தபோது முதுகுப் பையில் எடை சேர்க்கப்பட்டது. பன்னிரண்டு வாரத்தின் முடிவில் பதினைந்து பேரும் பழையபடி ஓடினார்கள் என்று 1998இல் வெளிவந்த கட்டுரை கூறுகிறது. பின்வந்த ஆய்வுகளில் அவ்வளவு முழுமையான வெற்றி கிட்டாவிட்டாலும், கருவியோ கட்டணமோ இன்றி வீட்டுப் படிக்கட்டிலேயே செய்யத்தக்க இம்முறை, தனி மருத்துவக் குழு இல்லாத சாதாரண ஓட்டக்காரருக்குக் கிடைத்த மிகச் சிறந்த கொடை எனலாம்.

வாரத்துக்குப் பத்து விழுக்காட்டுக்கு மேல் தொலைவைக் கூட்டலாகாது என்ற புகழ்பெற்ற விதிக்கு அத்தகைய வலுவான ஆதாரம் கிடைக்கவில்லை. நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் நான்கு மைல் ஓட்டத்துக்குத் தயாரான 532 புதியவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவை இவ்விதிப்படியும் மற்றதை வழக்கமான அட்டவணைப்படியும் பழக்கிய ஆய்வு 2008இல் வெளிவந்தது. இரண்டிலுமே ஐவரில் ஒருவர் காயமடைந்தார். அவர்கள் காயத்திலிருந்து மீள்பவர்கள் அல்லர் என்பதால் முடிவை அப்படியே பொருத்திப் பார்க்க இயலாது. எனினும் எல்லாருக்கும் பொருந்தும் ஒரே எண் இருக்கிறது என்ற நம்பிக்கை அதன்பின் தளர்ந்தது.

எண்ணின் இடத்தை இப்போது வலியே மெல்லப் பிடித்து வருகிறது. ஸ்வீடனின் கோதன்பர்க்கில் கரின் சில்பர்னாகலும் குழுவினரும், அக்கிலிஸ் வலி கொண்ட 38 பேரில் ஒரு பிரிவினரைச் சிகிச்சையின்போதும் ஓடவும் குதிக்கவும் விட்டனர். பத்தில் ஐந்து வரையிலான வலியைப் பொறுக்கலாம், அது மறுநாள் காலைக்குள் தணிய வேண்டும், வாரத்துக்கு வாரம் கூடக் கூடாது என்பவை அவர்களுக்கு இடப்பட்ட எல்லைகள். ஆறு வாரம் ஓட்டத்தைத் தவிர்த்த மற்றப் பிரிவினரைவிட அவர்கள் எவ்வகையிலும் பின்தங்கவில்லை என்று 2007இல் வெளிவந்த முடிவு காட்டியது. ஹில்டன் காலத்தில் நிறுத்தச் சொன்ன வலி, இங்கே எவ்வளவு ஓடலாம் என்று சொல்லும் அளவாக மாறியது. இந்த எல்லைகள் தசைநாணுக்கு உரியவை. அழுத்த முறிவில் ஓடும்போது சிறிதளவு வலியும் அனுமதிக்கப்படுவதில்லை. எலும்பை விரலால் அழுத்தினால் வலிக்கும் வரை அட்டவணையின் முதல் நாளே தொடங்குவதில்லை.