தேவர்சோலையில் தொடங்கிய மண் பரிசோதனை

தென்னிந்தியத் தோட்ட அதிபர்கள் ஒன்றுகூடி 1893இல் உபாசி சங்கத்தை நிறுவினார்கள். மலைப்பயிருக்கு மழையும் உழைப்பும் மட்டும் போதாது, மண்ணை அறிந்த கல்வியும் வேண்டும் என்று அவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

அந்த உணர்வின் பயனாக, 1926இல் கூடலூரை அடுத்த தேவர்சோலையில் தேயிலைச் சோதனை நிலையம் எழுந்தது. உதகையிலிருந்து பைக்காரா, நடுவட்டம் வழியே மலையிறங்கிச் சென்றால் அந்த மண்ணை அடையலாம். தென்மேற்குப் பருவமழை மாதக்கணக்கில் விடாது பெய்யும் இடம் அது. அறிவியல் அதிகாரி டபிள்யூ. எஸ். ஷா தேயிலையின் டானின் பற்றி வெளியிட்ட ஆய்வறிக்கைகள் அத்தொடக்க காலத்தின் பெருமை.

1930களில் உலக ஆய்வுக்கூடங்களில் அமிலத்தன்மையை அளக்கும் கண்ணாடி மின்முனை நிலைபெற்றது. மெல்லிய கண்ணாடிச் சவ்வின் இருபுறமும் அமிலத்தன்மை வேறுபட்டால் மின்னழுத்தம் தோன்றும் என்பதை மாக்ஸ் கிரெமர் 1906இல் கண்டிருந்தார். ஹேபரும் கிளெமென்சீவிச்சும் 1909இல் அதை அளவுகருவியாக வளர்த்தனர். பெக்மன் 1934இல் உருவாக்கிய, அமிலத்தன்மையை பி.எச். என்ற எண்ணாகக் காட்டும் மீட்டர் அந்த அளவீட்டை எளிதாக்கியது. தேயிலைச் செடி 4.5 முதல் 5.5 வரையிலான பி.எச். உள்ள மண்ணிலேயே செழிக்கும். ஆகவே அந்தச் சவ்வு காட்டும் எண் தோட்டத்தின் விளைச்சலையே தொட்டது.

1946இல் கொப்புள நோய் தென்னிந்தியத் தேயிலையைத் தாக்கியது. கொழுந்துகள் கருகிய அந்த ஆண்டுகளில் நம் ஆய்வாளர்கள் தளரவில்லை. சி. எஸ். வெங்கட்ராம் போன்றோரின் உழைப்பு செடிகளைக் காத்தது.

1960களில் ஆய்வின் தலைமையிடம் வால்பாறைப் பக்கத்துச் சின்கோனாவில் அமைந்தது. அதே பத்தாண்டில், 1966இல், ஃபிராண்டும் ராஸும் லாந்தனம் ஃபுளோரைடு படிகத்தைச் சவ்வாகக் கொண்டு ஃபுளோரைடு மின்முனையை அறிவித்தனர். தேயிலை ஃபுளோரைடையும் அலுமினியத்தையும் சேர்த்தே உறிஞ்சும் செடி. அலுமினியம் பிடித்து வைத்திருக்கும் ஃபுளோரைடை சிட்ரேட் கரைசலால் விடுவித்த பிறகே அந்த மின்முனை சரியான அளவைக் காட்டும்.

மின்முனை உழைப்பது பராமரிப்பைப் பொறுத்தது. படிகச் சவ்வு ஆண்டுக்கணக்கில் நிலைக்கும். வேறு அயனிகளை அளக்கும் பி.வி.சி. சவ்விலோ அயனியைப் பற்றும் பொருள் மெல்லக் கரைந்து வெளியேறுவதால் சில மாதங்களில் அது சோர்ந்துவிடும். கண்ணாடிக் குமிழ் உலர்ந்தாலும், சேறு படிந்தாலும் அளவு தடுமாறும். எனவே பொட்டாசியம் குளோரைடு கரைசலில் ஊறவைத்தல், ஒவ்வொரு மாதிரித் தொகுதிக்கும் முன் பி.எச். 4, 7 கரைசல்களில் சரிபார்த்தல் ஆகிய ஒழுங்குகள் தலைமுறைதோறும் கற்பிக்கப்படுகின்றன. 25 டிகிரியில் ஒரு பி.எச். அலகுக்கு 59 மில்லிவோல்ட் தரும் மின்முனை, உதகையின் 15 டிகிரிக் குளிரில் 57 மில்லிவோல்ட்டே தரும். அந்த வேறுபாட்டையும் ஈடுசெய்ய வேண்டும். மழைக்காலத்தில் இணைப்புகளில் படியும் ஈரம் சவ்வின் நுண்ணிய மின்னழுத்தத்தைக் கசியவிடும் என்பதால் அவற்றை உலர்வாக வைப்பதும் கடமை.

கவாத்துக்கு முன் மண்மாதிரி எடுத்து, பி.எச். பார்த்து, தேவையான டோலமைட்டைப் பரிந்துரைக்கும் பணி பெருந்தோட்டத்துக்கும் சிறு விவசாயிக்கும் பொதுவானது. குன்னூரிலும் கூடலூரிலும் உள்ள வட்டார மையங்கள் தேவர்சோலை வகுத்த நெறியைக் காத்து வருகின்றன. முன்னோர் ஒப்படைத்த அந்த நெறி, நம் கைகளிலிருந்து அடுத்த தலைமுறைக்கும் குறைவின்றிச் சென்று சேரும்.