மழைத்தெய்வமாகக் கண்ணகி: பெயரும் சடங்கும்

கண்ணகியைக் கற்புத்தெய்வமாக மட்டும் கருதுவது அடியவர் நம்பிக்கையை முழுமையாக உணர்த்தாது. மழையின்றி நோயுற்ற பாண்டிநாடு, வெற்றிவேற்செழியன் அவளுக்கு விழாவெடுத்தபின் மழைபெற்றதாகச் சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரை கூறும். இலங்கைக் கயவாகுவின் வழிபாட்டையும் அது மழைவளத்தோடு இணைக்கின்றது.

ஈழத்தில் இந்நம்பிக்கை சடங்காக நிலைத்தது. வற்றாப்பளையில் வைகாசிப் பொங்கலின்போது கடல்நீரில் விளக்கெரிகின்றது என்பர் அடியவர். மட்டக்களப்பில் அன்னையின் சினவெப்பத்தைத் தணிக்கக் குளிர்த்திப் பாடல் பாடப்பெறுகின்றது. வெப்பம் தணிந்தாலன்றி மழையில்லை, அம்மை நோயும் நீங்காது என்பதே இதன் உட்பொருள்.

19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் (1822–1879), சைவர்க்குரியதன்று எனக் கண்ணகி வழிபாட்டைக் கண்டித்தார். யாழ்ப்பாணத்தில் கண்ணகி கோயில்கள் பல இராசராசேசுவரி முதலிய ஆகமப் பெயர்களை ஏற்றன. கிழக்கிலோ பழம்பெயரே நிலைத்தது.

ஆகவே, தோர்ண்டன் ஹீத் முதலிய புலம்பெயர் குடியிருப்புகளில் அம்மன் வழிபாட்டை ஆராய்வோர் கோயிற்பெயரை மட்டும் சான்றாகக் கொள்ளலாகாது. பெயர் சீர்திருத்தத்தின் வரலாற்றைக் காட்டும். நம்பிக்கையின் வரலாற்றைச் சடங்கிலேயே தேடல் வேண்டும்.