பரணில் உறங்கும் போர்க்காலக் கண்

பெங்களூர் தண்டுப் பகுதியைச் சேர்ந்த காக்ஸ் டவுன், தமிழர் பல தலைமுறைகளாக வாழ்ந்து வரும் இடம். பட்டாளமும் இரயில்வேயும் அழைத்துவந்த குடும்பங்கள் பல. அவற்றோடு 1940-ஆம் ஆண்டின் இறுதியில் இன்னொரு தொழிலும் இந்நகரில் கால்கொண்டது. மைசூர் அரசின் துணையுடன் வால்சந்த் ஹீராசந்த் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையைத் தொடங்கினார். 1943-இல் அதன் நிருவாகம் அமெரிக்க விமானப் படையிடம் சென்றது. கிழக்குப் போர்முனையில் பழுதுபட்ட விமானங்கள் இங்கே செப்பனிடப்பெற்றன.

இவ்வரலாற்றை இங்கே நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. இத்தகைய ஊரின் பழைய வீட்டுப் பரணிலோ, பழைய இரும்புக் கடையிலோ, பெரிய கண்ணாடி வில்லை பொருத்திய கனத்த உலோகப் பெட்டி ஒன்று அகப்படுமாயின் அதை என்னவென்று அறிவது? அது விமானத்திலிருந்து தரையைப் படமெடுத்த காமிராவாக இருக்கலாம்.

பர்மாப் போரில் இக்கருவியின் பணி பெரிது. காடும் மலையும் மறைத்த பகைவரின் பாதைகளையும் பாலங்களையும் மேலிருந்து எடுத்த படங்களே காட்டின. மெஹர் சிங்கின் தலைமையில் அரக்கான் பகுதியில் ஹரிக்கேன் விமானங்களைச் செலுத்திய நம் 6-ஆம் படைப்பிரிவுக்குப் ‘பதினான்காம் சேனையின் கண்கள்’ என்ற பெயரே வழங்கியது. அக்கண்ணுக்கு ஒளி தந்தவை இப்பெட்டிகள்.

இவற்றை இனங்காண முதலில் நோக்க வேண்டியது படச் சட்டத்தின் அளவு. பிலிம் தங்கும் இடத்தை அளந்தால் பாதி விடை கிடைத்துவிடும். 5 அங்குலச் சதுரமாயின், 1925-இல் பிரிட்டனில் உருவான எஃப் 24 ஆக இருக்கக்கூடும். 125 படங்களுக்கான பிலிம் பெட்டி அதற்கு உண்டு. அதைத் தழுவி அமெரிக்கர் செய்த கே 24-க்கும் இதே அளவுதான். எட்டரைக்கு ஏழு அங்குலமாயின் போரின் நடுவில் வந்த எஃப் 52. 9 அங்குலச் சதுரமாயின் அமெரிக்க கே 17. நான்குக்கு ஐந்து அங்குலமும் இரு கைப்பிடிகளும் இருந்தால், கையிலேந்திப் படமெடுக்கும் கே 20 என்று கருதலாம். 1945 ஆகஸ்டு 6-ஆம் நாள் ஹிரோஷிமாவின்மேல் எழுந்த புகைத்தூணை எனோலா கே விமானத்தின் வால்புறத்திலிருந்து படமெடுத்தது இவ்வகைக் கருவியே.

அடுத்தது வில்லை. அதன் விளிம்பில் குவியத் தூரம் அங்குலக் கணக்கில் பொறிக்கப்பட்டிருக்கும். அந்த எண் கருவியின் வேலையையே சொல்லிவிடும். 10,000 அடி உயரத்தில் 20 அங்குல வில்லையால் எடுத்த படத்தில், தரையிலுள்ள 6,000 அங்குலம் ஓர் அங்குலமாகச் சுருங்கும். 5 அங்குலப் படத்தில் 2,500 அடி அகலமுள்ள நிலம் அடங்கும். 5 அங்குல வில்லையாயின் அதே உயரத்தில் 10,000 அடி அகலம் அடங்கும். ஆனால் நுணுக்கம் குறையும். பரந்த நிலத்தைக் காண ஒன்று, பாலத்தின் உடைப்பைக் காண மற்றொன்று.

மூன்றாவது முத்திரை. முடியின் கீழ் ஏ, எம் என்னும் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருப்பின் அது பிரிட்டிஷ் விமான அமைச்சகத்தின் உடைமை. 14ஏ எனத் தொடங்கும் எண், அவ்வமைச்சகத்தின் பண்டக வரிசையில் புகைப்படக் கருவிகளைக் குறிப்பது. அமெரிக்கக் கருவிகளிலோ வகைப்பெயரும் ஒப்பந்த எண்ணும் ஒரு தகட்டில் பொறித்து ஆணியிடப்பட்டிருக்கும்.

ஒரு குழப்பத்தையும் தவிர்த்தல் நன்று. ஜி 45 என்னும் சிறு கருவியை வேவுக் காமிரா என எண்ணிவிடுவோர் உண்டு. துப்பாக்கி விசையை அழுத்தும்போது 16 மில்லிமீட்டர் பிலிமில் குறி தப்பியதா, தைத்ததா என்று பதிவு செய்வதே அதன் கடமை.

இனி, நாம் வற்புறுத்த விரும்புவது ஒன்று. பழம்பொருளைப் பளபளப்பாக்கி விற்போர் முதலில் வண்ணத்தைச் சுரண்டுகிறார்கள், தகட்டைக் கழற்றுகிறார்கள், வில்லையைத் தனியே விற்கிறார்கள். சூழல் இழந்த சொல்லுக்குப் பொருள் சொல்ல மொழிபெயர்ப்பாளர் எவ்வளவு திணறுகிறோமோ, அவ்வளவு திணறும் நிலை முத்திரை இழந்த கருவிக்கும் நேர்கிறது. அதன் பிறகு அது வெறும் உலோகமே.

ஆகவே, கிடைத்ததைக் கிடைத்தவாறே வைத்து, எண்களைப் படியெடுத்துக் கொள்ளுங்கள். யார் வீட்டில் இருந்தது, அவர் எந்தப் பட்டறையில் என்ன வேலை பார்த்தார் என்று முதியோரைக் கேட்டு எழுதி வையுங்கள். தகடு கருவியின் பெயரைத்தான் சொல்லும். அதைக் கையாண்டவரின் பெயரைச் சொல்ல வீட்டாரின் நினைவு ஒன்றே உண்டு. பெங்களூரில் 2001-இல் திறக்கப்பட்ட ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையின் அருங்காட்சியகமும், டில்லியில் பாலத்திலுள்ள விமானப் படை அருங்காட்சியகமும் ஒப்பிட்டுப் பார்க்கத் தகுந்த இடங்கள்.

போர் முடிந்தபின் கான்பூரில் சிதைத்துக் கைவிடப்பட்ட லிபரேட்டர் விமானங்களைப் பெங்களூருக்குக் கொணர்ந்து செப்பனிட்டவர்கள் இந்நகரத் தொழிலாளரே. அவை 1968 வரை நம் விமானப் படைக்கு உழைத்தன. குப்பையென்று பிறர் விட்டதில் பயன் கண்ட அக்கைகளின் வரலாறு, எடைக்கு எடை விற்றுப் போகலாகாது. வெளிமாநிலங்களில் வாழும் நம்மவர் இல்லங்களில் இத்தகைய சான்று எங்கிருப்பினும், அதைப் படித்தறிந்து காப்பது நம் கடமையாகும்.