சிப்பமும் சிறு பையும்: நுகர்வு வரியின் சுமை யார்மீது?

2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பையில் அடைத்துப் பெயரச்சிட்டு விற்கும் அரிசிக்கு 5 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி (ஜிஎஸ்டி) விதிக்கப்பட்டது. அதற்கு மேற்பட்ட எடைக்கும், அளந்து விற்கும் சில்லறை அரிசிக்கும் வரி இல்லை. விரைவிலேயே 26 கிலோ சிப்பங்கள் கடைக்கு வந்தன. மாதச் சம்பளக்காரர் சிப்பம் வாங்கி வரியைத் தவிர்த்தார். கையில் இருந்த காசுக்கு ஐந்து கிலோ பை வாங்கியவர் வரி கட்டினார். நுகர்வு வரி நேர்மையானதா என்பதை வரிவிகிதப் பட்டியலை மட்டும் வைத்து முடிவுசெய்ய இயலாது. வருவாயையும் வாங்கும் முறையையும் சேர்த்தே அளக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கணக்கு எளியது. செலவில் சராசரியாக 8 விழுக்காடு வரியாகப் போகிறது என்று கொள்வோம். மாதம் 12,000 ரூபாய் ஈட்டி முழுவதையும் செலவிடும் குடும்பம் 960 ரூபாய் வரி தருகிறது. அது வருவாயில் 8 விழுக்காடு. ஒரு லட்சம் ஈட்டிப் பாதியைச் சேமிக்கும் குடும்பம் 4,000 ரூபாய் தருகிறது. வருவாயில் 4 விழுக்காடுதான். தொகையில் கூடுதலாகத் தோன்றுவது சுமையில் பாதியாகிறது. இதுவே தேய்வுவீத வரியின் இயல்பு.

இதற்கு மறுப்புகள் உண்டு. ஓராண்டு வருவாயை விட்டு வாழ்நாள் வருவாயோடு ஒப்பிட்டால் ஏற்றத்தாழ்வு குறையும் என்று பொருளியலாளர் ஜேம்ஸ் போட்டர்பா 1989-இல் காட்டினார். ஆனால் அந்த ஒப்பீடு, நல்ல காலத்தில் சேமித்தும் கெட்ட காலத்தில் கடன் பெற்றும் செலவைச் சீராக்க முடிந்தவர்களுக்கே பொருந்தும். வட்டிக்கு வாங்கி அரிசி வாங்கும் கூலித் தொழிலாளிக்கு இந்த மாத வருவாய்தான் வருவாய்.

ஏழைகள் வரிப்பதிவில்லாத சிறுகடைகளில் வாங்குவதால் வரி அவர்களை அதிகம் எட்டுவதில்லை என்பது வலுவான இன்னொரு வாதம். காய்கறிக்கும் மீனுக்கும் அது பொருந்தும். பெட்டிக்கடையில் வாங்கும் சோப்புக்குப் பொருந்தாது. அதன் உறையில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலையிலேயே எல்லா வரியும் அடங்கியிருக்கிறது. மொத்த வியாபாரியிடம் கட்டிய வரியைக் கடைக்காரர் திரும்பப் பெறவும் வழியில்லை.

விலக்கும் முழு நிவாரணமன்று. வரியற்ற அரிசியின் விலையிலும் சாக்குக்கும் ஆலை இயந்திரத்துக்கும் கட்டிய வரி மறைந்திருக்கிறது. ஜிஎஸ்டிக்கு வெளியே நிற்கும் டீசல் வரி லாரி வாடகை வழியாக அதில் ஏறுகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் சோப்பு, பிஸ்கட் மீதான வரி 18-இலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது மெய்யான நன்மை. ஆனால் விகிதக் குறைப்பின் பயன் செல்வர் கூடைக்கும் சேர்ந்தே போகிறது.

1991-இல் சரக்கு சேவை வரியைக் கொண்டுவந்த கனடா, குறைந்த வருவாய்க் குடும்பங்களுக்கு ஈட்டுத்தொகை வழங்கும் ஏற்பாட்டையும் உடன் செய்தது. இங்கும் நுகர்வு வரி வருவாயில் ஒரு பங்கு எளிய குடும்பங்களின் கைக்கே நேராகத் திரும்ப வேண்டும். அதுவரை, சிறு பை வாங்குபவர் தம் சக்திக்கு மீறியே வரி கட்டுகிறார்.