ரப்பரின் மேல் ஓடிய மினி

1959 ஆகஸ்ட் 26 அன்று பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் மினி காரை அறிமுகப்படுத்தியபோது, அதன் பத்தடி நீளமும் குறுக்குவாட்டில் வைத்த எஞ்சினும்தான் எல்லோர் கண்ணிலும் பட்டன. வண்டிக்கு அடியில் எட்டிப் பார்த்தவர்களுக்கு இன்னொரு புதுமை தெரிந்திருக்கும். காயில் ஸ்பிரிங் இல்லை, லீஃப் ஸ்பிரிங்கும் இல்லை. சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு ரப்பர் கூம்புகள்தான் காரைத் தாங்கி நின்றன.

மினியை வடிவமைத்தவர் அலெக் இஸிகோனிஸ். கூம்புகளைக் கொடுத்தவர் அவருடைய நண்பர் அலெக்ஸ் மோல்டன். மோல்டனுக்கு ரப்பர் குடும்பத் தொழில். அவருடைய கொள்ளுத்தாத்தா ஸ்டீபன் மோல்டன் 1848இல் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு-ஆன்-ஏவன் ஊரில் ரப்பர் ஆலை தொடங்கியவர். ரயில் பெட்டிகளுக்கு ரப்பர் ஸ்பிரிங் செய்து பெயர் வாங்கிய ஆலை அது. 1956இல் ஆலை கைமாறியது. அதன் பிறகு அலெக்ஸ் சொந்தமாக ஆய்வு நிறுவனம் தொடங்கி, கார் சஸ்பென்ஷனில் இறங்கினார். அந்த நாளில் பிரிட்டிஷ் ஆலைகளுக்குப் போன இயற்கை ரப்பரில் பெரும்பங்கு மலாயாவுடையது. அங்கே தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் ஏராளமானோர் தமிழர்கள் என்பதையும் இந்த வரலாற்றோடு சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஏன் ரப்பர்? மினியின் எடை சுமார் 600 கிலோதான். நாலு பேர் சாமான்களோடு ஏறினால், வண்டியின் எடையில் பாதிக்கும் மேல் கூடிவிடும். வெறும் வண்டிக்கு இதமாக இருக்கும் சாதாரண ஸ்பிரிங் அந்தச் சுமையில் அமுங்கிப்போகும். ரப்பர் கூம்போ அமுக்க அமுக்க விறைத்துக்கொண்டே போகும். இடத்தையும் அடைக்காது. சக்கரம் பல அங்குலம் ஏறி இறங்கினாலும், நெம்புகோல் முறையால் கூம்பு அதில் ஒரு சிறு பங்குதான் அமுங்கும். 1964இல் ரேலி ஓட்டுநர் பேடி ஹாப்கர்க் மாண்டி கார்லோ ரேலியை வென்ற, மினியின் வேக வகையான மினி கூப்பரும் இந்தக் கூம்புகளின் மேல்தான் ஓடியது.

அதே ஆண்டு, திரவத்தால் இயங்கும் ஹைட்ரோலாஸ்டிக் சஸ்பென்ஷனுக்கு மினி மாறியது. அது மிருதுவானது, ஆனால் செலவு கூடுதல். 1969 வாக்கில் சாதாரண மாடல்களுக்கு ரப்பர் கூம்பே திரும்பிவிட்டது. எளிய பொருள் தன் இடத்தைத் தானே மீட்டுக்கொண்டது என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

ஆனால் ரப்பருக்கு வயதாகும். ஆண்டுகள் போகப் போகக் கூம்பு அமுங்கியபடியே இறுகிவிடும். கார் தரையோடு உட்கார்ந்துவிடும். சின்னப் பள்ளத்துக்கே தூக்கித் தூக்கிப் போடும். பிரிட்டனில் 1960இல் பழைய கார்களுக்குக் கட்டாயப் பரிசோதனை வந்ததால், காரைப் பழுதில்லாமல் வைத்திருக்க வேண்டியதாயிற்று. 1966இல் ஹேன்ஸ் பழுதுபார்ப்புக் கையேடுகள் வெளிவரத் தொடங்கின. ஒவ்வொரு போல்ட்டையும் படத்தோடு காட்டிய அந்தப் புத்தகங்களின் துணையோடு, சம்பளக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டு வாசலிலேயே மினியைப் பிரித்தார்கள். மினியின் ஆயுளை நீட்டியதில் தொழிற்சாலைக்கு இருந்த அளவு பங்கு இவர்களுக்கும் உண்டு.

பின்பக்கக் கூம்பு சுலபம். காரை ஜாக்கியில் தூக்கி, உறுதியான ஸ்டாண்டுகளில் நிறுத்தி, ஷாக் அப்சார்பரைக் கழற்றினால் சக்கரத்தைத் தாங்கும் பின்கை கீழே இறங்கும், கூம்பை உருவிவிடலாம். முன்பக்கம்தான் சோதனை. சஸ்பென்ஷனைத் தாங்கும் இரும்புச் சட்டமான சப்ஃபிரேமின் கோபுரத்துக்குள் கூம்பு அழுத்தத்தில் அடைபட்டிருக்கும். மேலிருந்து தனிக் கருவி ஒன்றை அதன் நடுத்துளை மரையில் திருகி, அமுக்கிப் பிடித்தால்தான் பாகங்கள் விடுபடும். அந்த மரை பழைய கார்களில் அங்குல அளவு, பிற்காலக் கார்களில் மெட்ரிக். அளவு பார்க்காமல் கருவி வாங்குவது ஆபத்து. கூம்பு வெளியே வந்த கையோடு, அதற்கும் சக்கரத்தைத் தாங்கும் கைக்கும் நடுவே உள்ள குமிழ் மூட்டையும் அதன் நைலான் கிண்ணத்தையும் மாற்றிக் கிரீஸ் வைப்பதே புத்திசாலித்தனம். கிறீச்சிடும் சத்தம் பெரும்பாலும் அங்கிருந்துதான்.

சப்ஃபிரேமைத் தாங்கும் ரப்பர் மவுண்ட் தனிக் கதை. பின் சப்ஃபிரேமுக்கு அது ஆரம்பத்திலிருந்தே உண்டு. முன் சப்ஃபிரேமோ 1976 வரை நேரடியாக உடலோடு போல்ட் போடப்பட்டது. சத்தத்தைக் குறைக்கவே பிறகு அங்கும் ரப்பர் வந்தது. அது தேய்ந்தால் பிரேக் பிடிக்கும்போது முன்பக்கம் 'டொக்' என்று தட்டும்.

2000 அக்டோபரில் உற்பத்தி நிற்கும் வரை, 50 லட்சத்துக்கும் அதிகமான மினிகள் வெளிவந்தன. கடைசி மினியும் ரப்பர் கூம்பின் மேல்தான் நின்றது. இன்று காயில் ஸ்பிரிங்குக்கு மாற்றும் கிட்டுகளும் கிடைக்கின்றன, ஆனால் மினியின் துள்ளலை விரும்புகிறவர்கள் புது ரப்பரையே தேடுகிறார்கள். புதுக் கூம்பு போட்டவுடன் கார் சற்று உயரமாக நிற்கும். சில நூறு மைல் ஓடி ரப்பர் படிந்த பிறகுதான் உயரத்தைச் சரிபார்த்து, சக்கர அலைன்மென்ட்டைக் கவனிக்க வேண்டும்.